ஏரிக்கரை ரியோகானில் ஓர் இரவு: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து போகிறவர்களுக்கு

ஜப்பானில் வெந்நீர் ஊற்று விடுதி என்றதும் நம் ஊரில் எழும் முதல் கேள்வி, "எல்லார் முன்னாடியும் துணியில்லாம குளிக்கணுமாமே?" என்பதுதான். அந்தக் கூச்சம் தொட்டியில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் போய்விடும். பயணத்தைக் கெடுப்பவை வேறு இரண்டு. ஒன்று, பதிவு செய்யும்போது சொல்லாமல் விட்ட சாப்பாட்டு விஷயம். இன்னொன்று, மாலை ஆறு மணிக்குப் பிறகு போய்ச் சேர்வது.

இந்த விடுதிகளுக்கு ரியோகான் என்று பெயர். வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு. இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, குளியல் மூன்றும் சேர்ந்தது அந்தத் தொகை. நடுத்தரமான இடத்தில் ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும். "இப்பாக்கு நிஷோக்கு" என்றால் ஓர் இரவு, இரண்டு வேளை உணவு. "சுதோமாரி" என்றால் சாப்பாடு இல்லாமல் தங்கல் மட்டும். சுத்த சைவக் குடும்பமாக இருந்து, விடுதியில் சைவம் முடியாது என்று சொல்லிவிட்டால் சுதோமாரிதான் நல்லது. சாப்பிடாத பன்னிரண்டு தட்டுக்கு எதற்குக் காசு?

சனிக்கிழமை இரவுக்குக் கட்டணம் ஏறும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுப்பகுதி, வருடப் பிறப்பு ஆகிய மூன்று சமயங்களில் ஜப்பானே ஊருக்குக் கிளம்பும். அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது.

எந்த ஏரி

டோக்கியோவிலிருந்து எளிது காவாகுச்சி ஏரி. ஷிஞ்ஜுக்குவில் பேருந்து ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 830 மீட்டர், கிட்டத்தட்ட ஓசூர் உயரம். அதை வைத்துக் குளிரையும் ஓசூர்க் கணக்கில் போட்டுவிடாதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் தண்ணீர் உறையும் குளிர்.

இங்கே அறை பிடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபூஜி மலை ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. ஏரியும் மலையும் ஒரே சன்னலில் தெரிய வேண்டுமானால் விடுதி வடகரையில் இருக்க வேண்டும். ரயில் நிலையம் இருக்கும் தென்கரைப் பக்கத்தில் "ஏரி பார்த்த அறை" எடுத்தால் மலை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கூடுதல் பணம் கொடுத்துவிட்டு மலையைக் காணோம் என்று தேடுபவர்களில் பாதிப்பேர் இங்கே தவறியவர்கள். மீதிப்பேர் மேகத்தில் தவறியவர்கள். ஃபூஜி தெளிவாகத் தெரியும் வாய்ப்பு குளிர்காலக் காலை நேரத்தில் அதிகம், கோடையில் குறைவு.

ஹாகோனேயில் உள்ள ஆஷி ஏரி எரிமலை இடிந்து உண்டானது. பக்கத்திலேயே ஓவாகுதானியில் இன்றும் கந்தகப் புகை கிளம்புகிறது. ஷிஞ்ஜுக்குவிலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஹாகோனே யுமோதோ, அங்கிருந்து மலைப் பாதையில் பேருந்து. வளைவு வளைவாக ஏறும். ஏற்காடு ஏறும்போது தலைசுற்றுகிறவர்கள் முன்னிருக்கையில் உட்காருங்கள்.

கியோட்டோ பார்க்கப் போகிறவர்கள் ஹாகோனேக்கு அலைய வேண்டியதில்லை. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவின் கரையில் ஓகோதோ ஓன்சென் இருக்கிறது. ஓன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. கியோட்டோவிலிருந்து கோசெய் தடத்து ரயிலில் இருபது நிமிடம்தான். நாகானோ பக்கம் போனால் சுவா ஏரிக்கரையில் காமிசுவா. வடக்கே ஹொக்காய்டோவில் தோயா ஏரி. உசு எரிமலை 1910-இல் வெடித்தபோது வெளிப்பட்ட வெந்நீர்தான் அந்த ஊருக்கு மூலதனம். ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை அங்கே இரவில் ஏரிமேல் வாணவேடிக்கை உண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் ஏரிப் பக்க அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டியவை

ரியோகான் சமையலறை உங்களுக்கான மீனையும் காய்கறியையும் ஆள் கணக்குப் பார்த்து முன்கூட்டியே வாங்கிவிடும். வந்து உட்கார்ந்த பிறகு "அசைவம் சாப்பிட மாட்டேன்" என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களும் சங்கடப்படுவார்கள், நீங்களும் வெறும் சோற்றோடு எழுந்திருப்பீர்கள். பதிவிலேயே எழுதுங்கள், ஒரு வாரம் முன்பு மறுபடி உறுதி செய்யுங்கள்.

எழுதும்போது "வெஜிடேரியன்" என்று மட்டும் போட்டால் போதாது. அந்தச் சொல்லைக் கேட்டு மீன் வைப்பவர்கள் உண்டு. இறைச்சியும் மீனும் இல்லை என்று புரிந்துகொண்டவர்களும் தாஷியை மறந்துவிடுவார்கள். நம் ரசத்துக்குப் புளித்தண்ணீர் எப்படியோ அப்படி அவர்கள் சமையலுக்குத் தாஷி. காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிப்போட்டு இறக்கிய சாறு. மிசோ (புளித்த சோயா விழுது) சூப், வேகவைத்த காய், டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் நீர், நூடுல்ஸ் குழம்பு, முட்டைக் கூழ் என எல்லாவற்றிலும் அது இருக்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்: நிக்கு (இறைச்சி), சகானா (மீன்), எபி (இறால்), முட்டை வேண்டாமென்றால் தாமாகோ, கட்சுவோ தாஷி. "கொம்பு தாஷி நல்லது" என்று ஒரு வரி சேர்த்தால் சமையல்காரருக்கு வழி கிடைக்கும். கொம்பு என்பது கடல்பாசி. கைபேசியில் ஜப்பானிய மொழிக்கு மாற்றி, அச்செடுத்து ஒரு தாளும் கையில் வைத்திருங்கள்.

மூட்டுவலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் அதையும் சொல்லுங்கள். களத்து மேட்டில் காலை மடக்கி உட்கார்ந்து களி தின்று வளர்ந்தவர்கள்தான், ஆனால் எழுபது வயது முழங்கால் அந்தக் கதையைக் கேட்காது. "வயோஷிட்சு" என்று கேட்டால் பாய் அறையோடு கட்டிலும் இருக்கும். சாப்பாட்டுக்கு நாற்காலி மேசையும் கேட்கலாம்.

பச்சை குத்தியிருப்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானில் பச்சை என்றால் ரவுடிக் கும்பலின் அடையாளம் என்ற பழைய எண்ணம் இன்னும் இருப்பதால், பல பொதுக் குளியலறைகளில் அனுமதி இல்லை. நம் பகுதிப் பாட்டிமார் முன்கையில் இருக்கும் கோலப் பச்சைக்கும் அதே விதிதான். சின்னதாக இருந்தால் தோல் நிற ஒட்டு போட்டு மறைக்க விடுவார்கள். பெரிதாக இருந்தால் தனிக் குளியல். கல்யாண வீட்டு மருதாணி மங்காமல் இருந்தாலும் பார்ப்பவர்களுக்குப் பச்சை போலத்தான் தெரியும்.

தனிக் குளியலுக்கு "காஷிகிரி" என்று பெயர். நாற்பது, ஐம்பது நிமிடம் குடும்பத்துக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சில ஆயிரம் யென். கணவன் மனைவி சேர்ந்து குளிக்கவும், அம்மாவுக்குக் கைபிடிக்க ஆள் தேவைப்படும்போதும், கழற்ற முடியாத பூணூலோ அரைஞாண் கயிறோ இருப்பவர்களுக்கும் இதுதான் நிம்மதி. பதிவில் கேட்டுவிடுங்கள், போய்க் கேட்டால் இரவு பதினொரு மணி வேளைதான் மிஞ்சியிருக்கும். அறைக்குள்ளேயே திறந்தவெளித் தொட்டி உள்ள அறைகளும் உண்டு; விலை கூடும்.

போகும் நாள்

நம் மூன்று ஊர்களுக்கும் விமானம் என்றால் தேவனஹள்ளிதான். பெங்களூருவிலிருந்து டோக்கியோ நரிட்டாவுக்கு நேரடி விமானம் உண்டு. இறங்கிய அன்றே ரியோகான் வேண்டாம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தூக்கக் கலக்கத்தோடு வெந்நீரில் இறங்குவதும் சரியல்ல, வரிசையில் தாமதமாகி இரவு உணவைத் தவறவிடுவதும் சரியல்ல. மூன்றாவது நாள் வைத்துக்கொண்டால் உடம்பு பழகியிருக்கும்.

கிருஷ்ணகிரி மாம்பழம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். பயிர்நலச் சான்று இல்லாத பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் சுங்கத்தில் நிற்கும். இறைச்சி கலந்த எதுவும் கூடாது. பருப்புப் பொடி, அவல், வெந்நீர் ஊற்றினால் ஆகும் உப்புமா பொட்டலம் போதும். அறையில் கெட்டில் இருக்கும். இங்கிருந்து கெட்டிலோ மின் அடுப்போ தூக்கிப் போகாதீர்கள்; அங்கே 100 வோல்ட், நம் 230 வோல்ட் சாமான் சூடேறாது. அறையில் சமைக்கவும் கூடாது. கைபேசிச் சார்ஜருக்குத் தட்டையான இரண்டு முள் மாற்றி வேண்டும்.

பெரிய சூட்கேஸை ரியோகானுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. "தக்யூபின்" என்ற சேவையில், டோக்கியோ ஓட்டலிலிருந்து அடுத்து தங்கப் போகும் ஓட்டலுக்கு நேராக அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கான பையோடு ஏரிக்குப் போங்கள். பெரும்பாலும் மறுநாள் சேர்ந்துவிடும்.

பொதுவாக மூன்று மணிக்கு அறை திறக்கும். நாலு மணிக்குள் போய்விடுவது நல்லது: ஒரு குளியல், ஒரு தூக்கம், பிறகு சாப்பாடு. உணவோடு பதிவு செய்தவர்கள் ஆறு மணிக்குள் வந்தாக வேண்டும் என்பது பல இடங்களில் விதி. தவறினால் சாப்பாடு கிடையாது, பணமும் திரும்பாது. ரயில் தாமதமானால் உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். பல விடுதிகள் நிலையத்துக்கு வண்டி அனுப்பும். எந்த ரயில் என்று முதல் நாளே தெரிவிக்க வேண்டும்.

அறைக்குள்

வாசலில் செருப்பு கழற்றும் பழக்கம் நமக்கு இருப்பதால் பாதிப் பாடம் தெரிந்ததுதான். மீதி இது: நடைபாதையில் கொடுத்த ஸ்லிப்பரைப் பாய் அறை வாசலிலும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்கு வேறு ஸ்லிப்பர், அதைப் போட்டபடியே வெளியே வந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வரவேற்பில் பாஸ்போர்ட் கேட்பார்கள். சட்டப்படி கேட்க வேண்டும், தயங்காமல் கொடுங்கள்.

பாய்க்கு ததாமி என்று பெயர். கோரைப்பாயைப் போலத்தான், ஆனால் தடிப்பாக, தரையோடு பொருத்தியது. சக்கரப் பெட்டியை அதன்மேல் உருட்டக் கூடாது. சுவரோரம் சற்று உயர்ந்த மாடத்தில் ஓர் ஓவியமும் பூவும் இருக்கும், அதற்கு தோகோனோமா என்று பெயர். பூஜை அலமாரியில் பெட்டி வைப்போமா? அதே மரியாதை.

மேசையில் தேநீரும் சின்னப் பலகாரமும் வைத்திருப்பார்கள். வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கித் தலைசுற்றாமல் இருக்கத்தான் அது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் வசதி பெரும்பாலும் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம்.

யுகாதா என்ற பருத்தி அங்கியை அலமாரியில் மடித்து வைத்திருப்பார்கள். விடுதிக்குள் எங்கும், சாப்பாட்டுக் கூடத்துக்கும் அதிலேயே போகலாம். வலப்பக்கத் துணி முதலில் உடம்போடு, இடப்பக்கம் அதன்மேல். ஆண்கள் சட்டைக்குப் பொத்தான் போடும்போது எது மேலே வருமோ அதேதான்; பெண்களுக்கும் அப்படியே. மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. கச்சையை ஆண்கள் இடுப்புக்குக் கீழே, பெண்கள் இடையில் கட்டுவார்கள்.

குளியல்

ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்று அழுக்குப் போகக் குளிப்போம். இங்கே அப்படியே தலைகீழ். அழுக்கெல்லாம் வெளியே தீர்ந்த பிறகுதான் தொட்டி. அந்தத் தண்ணீர் ஊருக்கே பொது. சோப்பு நுரையோ, தலையின் தேங்காய் எண்ணெயோ அதில் மிதக்கக் கூடாது. எண்ணெய் வைத்த தலையோடு போனால் ஷாம்பு இரண்டு முறை போடுங்கள். விபூதி, சந்தனம், மஞ்சள் எல்லாமும் போக வேண்டும்.

எந்தத் தண்ணீரை ஓன்சென் என்று சொல்லலாம்? ஊற்றில் 25 டிகிரி சூடு இருந்தாலோ, சட்டத்தில் சொன்ன 19 பொருள்களில் ஏதேனும் ஒன்று குறித்த அளவில் இருந்தாலோ அது ஓன்சென் என்கிறது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். உடை மாற்றும் அறையில் அந்த நீரின் சோதனைச் சான்று தொங்கும். கந்தக நீர் என்றால் வெள்ளி கறுக்கும். மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண் அனைத்தையும் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். கழற்ற மனம் வராத தாலிக்கு அந்த வேளை மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வது ஒரு வழி, காஷிகிரி இன்னொரு வழி.

வாசலில் துணித் திரை தொங்கும். நீலம் பெரும்பாலும் ஆண்கள், சிவப்பு பெண்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆண் என்ற எழுத்தின் மேற்பகுதி நான்கு கட்டம் போட்ட சதுரம். பெண் என்ற எழுத்தில் சதுரமே கிடையாது, வெட்டிக்கொள்ளும் மூன்று கோடுகள்தான். பல விடுதிகளில் இரவோடு இரவாக இரண்டு குளியலறைகளையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டையும் அனுபவிக்கட்டும் என்று. நேற்று மாலை போன அதே கதவுக்குக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு போகாதீர்கள்.

உள்ளே போனதும் துணி முழுவதையும் கூடையில் வையுங்கள். நீச்சலுடை, வேட்டி, துண்டு எதுவும் தொட்டிக்குள் வராது. கைபேசி உடைமாற்றும் அறையிலேயே எடுக்கக் கூடாது. கையில் சின்னத் துண்டு ஒன்று போதும். நடக்கும்போது முன்னால் பிடித்துக்கொள்ளலாம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

குட்டை முக்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். நின்று குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். முடித்ததும் முக்காலியையும் வாளியையும் கழுவி வைத்துவிட்டு எழுந்திருங்கள். நீண்ட கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட வேண்டும். தொட்டி ஓரத்தில் வாளியால் மொண்டு காலிலிருந்து மேலாக ஐந்தாறு முறை ஊற்றி உடம்பைச் சூட்டுக்குப் பழக்குங்கள். நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி, சில இடங்களில் அதற்கும் மேல். குதிக்காமல், நீந்தாமல் மெதுவாக இறங்கி, முதலில் இடுப்பு வரை, பிறகு தோள் வரை. துண்டு தலைமேல் இருக்கட்டும், தண்ணீரில் நனையக் கூடாது.

முதல் முறை ஐந்து நிமிடம். நெற்றியில் வியர்வை அரும்பினால் எழுந்துவிட வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்து ஆறி, மறுபடி ஐந்து நிமிடம். "இவ்வளவு செலவழித்து வந்திருக்கிறோம்" என்று அரைமணி நேரம் ஊறுகிறவர்கள்தான் எழும்போது கண் இருட்டி விழுகிறார்கள். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். சுவரைப் பிடித்து மெதுவாக எழுங்கள். முதல் நாள் இரண்டு குளியல், மறுநாள் காலை ஒன்று, அதுவே தாராளம். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

மது குடித்துவிட்டு இறங்குவது ஆபத்து. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் தனியாகப் போகக் கூடாது. மாதவிலக்கு நாளில் பொதுத் தொட்டி இல்லை, ஷவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டயப்பர் விடாத குழந்தைக்கும் பொதுத் தொட்டி கிடையாது. ஏழு வயது ஆன பையனை அம்மாவோடு பெண்கள் பக்கம் பல இடங்களில் விடமாட்டார்கள்.

வெளியே திறந்தவெளித் தொட்டிக்கு ரோதென்புரோ என்று பெயர். ஏரியைப் பார்த்தபடி முகத்தில் குளிர்காற்று, கழுத்துவரை சூடு. ஏரிக்கரை விடுதிக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். அதிகாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் போனால் கூட்டமும் இருக்காது.

திரும்பி உடைமாற்றும் அறைக்குள் நுழையும் முன் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடையுங்கள். அங்கே தரை ஈரமாகக் கூடாது. தோல் மென்மையானவர்கள் மட்டும் நல்ல நீரில் ஒருமுறை அலசிக்கொள்ளலாம்.

சாப்பாடு

ஆறு, ஆறரைக்கு அழைப்பார்கள். சின்னச் சின்னத் தட்டாக ஒன்றன்பின் ஒன்றாக வரும், காய்செகி என்பார்கள். தொடக்கத் தட்டு, தெளிந்த சூப், பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது என்று போய்க் கடைசியில்தான் சோறு, மிசோ சூப், ஊறுகாய். சோறு வரும் வரும் என்று காத்திருந்தே நம்மவர்கள் களைத்துப்போவார்கள். "கோஹான் ஓ சாகி நி ஒனெகாய்ஷிமாசு" என்றால் முதலிலேயே கொண்டுவருவார்கள். சின்னச் சட்டியின் கீழே மெழுகு போன்ற ஒன்றைக் கொளுத்திவிட்டுப் போனால், அந்த நெருப்பு தானாக அணையும் வரை மூடியைத் தொட வேண்டாம்.

சைவத்துக்குச் சொல்லி வைத்திருந்தாலும் தோஃபு மேலே சீவல் சீவலாக ஆடும் மீன் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். காலை உணவில் நாத்தோவுடன் (புளிக்கவைத்த சோயா) வரும் குட்டிப் பொட்டலச் சாறிலும் மீன் இருக்கும். டெம்புராவுக்கு உப்பு கேட்டு வாங்குங்கள். மாவில் முட்டை சேர்ந்திருக்கலாம். கொண்டுபோன பருப்புப் பொடியைத் தட்டோரம் கொஞ்சம் வைத்துக்கொள்வதில் தவறில்லை. பெருங்காய ஊறுகாய் பாட்டிலைத் திறப்பது வேறு. ததாமி அறையில் அந்த வாசம் அடுத்த விருந்தாளி வரும்வரை நிற்கும்.

நீங்கள் சாப்பிடும் நேரத்தில் ஆள் வந்து ஃபுதோன் மெத்தை விரித்துவிடுவார். அதனால் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, பணத்தைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள். மெத்தை மெலிதாகத் தெரிந்தால் இன்னொன்று கேட்கலாம். டிப்ஸ் தேவையில்லை.

கிளம்பும் காலை

காலை உணவு ஏழரை, எட்டு. பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பத்தரை என்று இழுக்க முடியாது. ஆகவே கடைசிக் குளியலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துண்டைப் பாய்மேல் போடாமல் கொடியில் விடுங்கள். மெத்தையை மடிக்க வேண்டியதில்லை. கணக்கு முடிக்கும்போது குளியல் வரி என்று தனியாக ஒரு தொகை வரும், பெரும்பாலும் பெரியவர் ஒருவருக்கு 150 யென். சிறிய விடுதிகளில் அட்டை செல்லாமல் போகலாம், ரொக்கம் கையில் இருக்கட்டும். பெட்டகத்தில் வைத்த மெட்டியையும் கொலுசையும் எடுத்துவிட்டீர்களா என்று வண்டி ஏறும் முன் ஒருமுறை பாருங்கள்.